இருபத்தொன்றும் ஏக்வீஸும்

புனே நகரத்து மண்டயியில் காய்கறி வாங்கச் செல்லும் தமிழ்ப் பாட்டியார் ஒருவரையும், அவர் கையைப் பற்றிக்கொண்டு உடன்செல்லும் ஏழு வயதுப் பேரனையும் மனக்கண்முன் கொண்டுவருவோம். கடைக்காரர் தராசை இறக்கிவிட்டு, "ஸத்தேசாளீஸ்" என்கின்றார். மராத்தி அறியாத பாட்டியார் பேரன் முகத்தைப் பார்க்கின்றார். பேரனும் தயங்காது, "எழுபத்து நான்கு, பாட்டி" என்று மொழிபெயர்த்துச் சொல்கின்றான். பாட்டியார் எண்ணிக் கொடுத்த பணத்தில் மிகுதியைக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே திருப்பித் தருகின்றார். அவர் கேட்டது நாற்பத்தேழு ரூபாய்தான்.

இத்தகைய காட்சி இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. பிள்ளை மந்த புத்தியுடையவன் அல்லன். அவன் காதில் முதலில் விழுந்தது ஏழு. பின்னர் விழுந்தது நாற்பது. விழுந்த முறைப்படியே அவன் இலக்கங்களை அடுக்கினான். தமிழில் நாற்பது முன்னும் ஏழு பின்னுமாக நிற்கும். மராத்தியில் ஏழு முன்னும் நாற்பது பின்னுமாக நிற்கும். எழுதும்போதோ இரு மொழியாரும் 47 என்றே எழுதுவர். ஒரு சொல்லின் வரிசையில் அமைந்த இச்சிறு வேறுபாடு, சில ஆண்டுகட்கு முன் இந்நகரிலிருந்து வெளிவந்த ஒரு பாடநூலின் வாயிலாக மாநிலம் முழுவதும் பெரும் வாதமாக எழுந்தது என்பதை அன்பர்கள் பலர் நினைவில் வைத்திருக்கக் கூடும். அவ்வாதத்தைச் செவ்வனே விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், நம் முன்னோரும் இம்மராத்திய நாட்டாரும் தத்தம் குழந்தைகட்கு எண்ணக் கற்பித்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணுதல் என்பது யாது?

வள்ளுவப் பெருந்தகை எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்க்கு இரு கண்கள் எனக் கொண்டார். அவ்விரண்டனுள் எண்ணையே முதற்கண் வைத்தார். ஔவையாரும் கொன்றைவேந்தனில் அவ்வரிசையையே பின்பற்றினார். தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு சூன் திங்களில், எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எழுதப் படிக்கவும் கணக்கிடவும் அறிந்திருக்க வேண்டும் என்னும் குறிக்கோளுடன் தொடங்கிய திட்டத்துக்கு 'எண்ணும் எழுத்தும்' என்றே பெயரிட்டது. ஆகவே இது பழம்பெருமை மட்டும் அன்று. இன்றைய கவலையும் ஆகும்.

"எங்கள் குழந்தை நூறு வரை சொல்லுவான்" எனப் பெற்றோர் பெருமையுடன் கூறக் கேட்கின்றோம். நூறு வரை சொல்லுதல் வேறு, எண்ணுதல் வேறு. மூன்று வயதுக் குழந்தையின் முன் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொன்னால், அது ஒன்று முதல் எட்டு வரை ஓதிவிட்டு நிற்பதும் உண்டு. வாய் ஒரு வழியும் விரல் ஒரு வழியும் செல்கின்றன. 1978-ஆம் ஆண்டில் கெல்மன், காலிஸ்டெல் என்னும் உளவியல் அறிஞர் இருவர், குழந்தை எண்ணுதலில் அடங்கிய நெறிகளை ஐந்தாக வகுத்துக் காட்டினர். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே உரியது என்பது முதலாவது. சொற்களின் வரிசை மாறாது என்பது இரண்டாவது. இறுதியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என்பது மூன்றாவது. எப்பொருளையும் எண்ணலாம் என்பது நான்காவது. எப்பக்கத்திலிருந்து தொடங்கி எண்ணினும் தொகை மாறாது என்பது ஐந்தாவது. இவை வளர்ந்தோர்க்கு வெளிப்படை. குழந்தைக்கோ ஒவ்வொன்றும் தானே கண்டறிய வேண்டிய ஒரு புதிய உண்மை.

நம் இல்லங்களில் இவை விளையாட்டாகவே கற்பிக்கப்பட்டன. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து சோழியாக இட்டால் மொத்தம் எழுபது. ஒரு குழிக்கு ஒரு காயாக இட்டுச் செல்லும் சிறுமி, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் முதல் நெறியை விரல் நுனியாலேயே கற்கின்றாள். குழியில் நான்கு சேர்ந்தவுடன் 'பசு' என எடுத்துக்கொள்ளும்போது, எண்ணாமலே நான்கைக் கண்ணால் அறியும் பயிற்சியும் கைவருகின்றது. களத்தில் நெல் அளக்கும் முதியவர் முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லி, அடுத்ததை 'இரண்டு' எனத் தொடர்வார். அருகில் நிற்கும் சிறுவன், சொல் எதுவாயினும் இடம் மாறாதிருந்தால் எண்ணிக்கை தவறாது என்பதை அங்கே கண்டுகொள்கின்றான்.

திண்ணைப் பள்ளியும் எண்சுவடியும்

பள்ளிக்கு வருவோம். தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தையின் முதல் எழுதுபலகை மணலே. ஆசிரியர் அல்லது மூத்த மாணாக்கர் குழந்தையின் விரலைப் பற்றி மணலில் வரிவடிவை இழுப்பார். குழந்தை அதன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். கண்ணும் கையும் வாயும் செவியும் ஒருங்கே உழைக்கும். மணலில் கை தேர்ந்த பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் வரும். மாலையில் பிள்ளைகள் அனைவரும் நின்று, ஒருவர் முன்சொல்ல ஏனையோர் பின்சொல்லி வாய்பாட்டை ஓதுவர். வகுப்பை மேற்பார்க்கும் மூத்த மாணாக்கனுக்குச் சட்டாம்பிள்ளை என்பது பெயர். அப்பள்ளியின் இன்பத்தையும் பிரம்பையும் ஒருசேர அறிய விரும்புவோர், உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வரைந்துள்ள பகுதிகளைக் காண்க.

அங்கே ஓதப்பட்ட கணக்குச் சுவடிக்கு எண்சுவடி என்று பெயர். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்பன அதனைச் சார்ந்த தொடக்கப் பாடங்கள். பொன்னிலக்கம் முழு எண்களையும் கீழ்வாய் எண்களையும் கற்பித்தது. நெல்லிலக்கம் முகத்தலளவையைக் கற்பித்தது. கால் 1/4, அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என இறங்கிச் செல்லும் பின்னங்கள் இன்றைய பிள்ளைக்கு மலைப்பூட்டும். ஆயினும் அவற்றுள் ஓர் ஒழுங்கு உண்டு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நான்கு கால் ஒன்று. நெல்லிலக்கத்தில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆக, ஒரு கலம் 96 நாழி.

இவையெல்லாம் வெறும் மனப்பாடம் எனப் பிற்காலத்தார் இகழ்ந்தனர். இக்காலத்து ஆராய்ச்சி அவ்விகழ்ச்சியைத் திருத்துகின்றது. தி. செந்தில்பாபு என்னும் ஆராய்ச்சியாளர் தென்னாட்டு எண்களையும் அளவைகளையும் பற்றி 2022-இல் வெளியிட்ட ஆங்கில நூலில், திண்ணைப் பள்ளியின் நினைவாற்றற் பயிற்சியை ஊரின் தொழில், நிலம், வரி ஆகியவற்றுடன் பொருத்திக் காண்கின்றார். அறுவடைக் களத்திலும் சந்தையிலும் ஓலையைப் புரட்ட நேரமில்லை; கணக்கு நாவில் நின்றால்தான் பயன்படும். அதற்காகவே அது நாவில் ஏற்றப்பட்டது.

தமிழ் எண்ணுருக்களில் ஒரு சிறப்பும் உண்டு. பழைய முறையில் இருபத்தொன்றை ௨௰௧ என எழுதுவர். அதாவது இரண்டு, பத்து, ஒன்று. முந்நூற்று அறுபத்தைந்தை ௩௱௬௰௫ என எழுதுவர். பத்துக்கும் நூற்றுக்கும் தனித்தனிக் குறி இருந்தமையால் சுழியம் வேண்டப்படவில்லை. வாய் எவ்வரிசையில் சொல்லிற்றோ அவ்வரிசையிலேயே கை எழுதிற்று. சுழியத்துடன் கூடிய இடமதிப்பு முறை தமிழ் எண்ணுருக்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அச்சு நூல்கள் வாயிலாக வந்தது. அப்போதும் சொல்லின் வரிசையும் எழுத்தின் வரிசையும் பிரியவில்லை.

மராத்தியரின் உஜளணி

இனி, நாம் வாழும் இந்நாட்டைப் பார்ப்போம். மராத்தியரின் பழைய பள்ளியில் ஆசிரியர்க்குப் பந்தோஜி என்று பெயர். அங்கும் தொடக்கத்தில் புழுதி பரப்பிய பலகையே எழுதுகருவி. அதனைத் தூள்பாடி என்பர். அங்கும் பிள்ளைகள் உரத்த குரலில் வாய்பாடு ஓதினர். அதனைப் பாடே என்பர். எண்களும் வாய்பாடுகளும் அடங்கிய சிறு சுவடிக்கு உஜளணி என்று பெயர். துலக்குதல், மெருகேற்றுதல் என்பது அச்சொல்லின் பொருள். நாள்தோறும் துலக்காத வெண்கலப் பாத்திரம் களிம்பேறுவது போல், நாள்தோறும் ஓதாத கணக்கு மங்கிவிடும் என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது.

பின்ன வாய்பாடுகளிலும் இரு நாட்டாரும் உடன்பிறந்தாரே. காலுக்குப் பாவகி, அரைக்கு நிமகி, முக்காலுக்குப் பாவுணகி, ஒன்றேகாலுக்கு ஸவாயகி, ஒன்றரைக்குத் தீடகி, இரண்டரைக்கு அடீசகி, மூன்றரைக்கு அவுட்கி எனத் தனித்தனி வாய்பாடுகள் அவர்களுக்கு இருந்தன. மூன்றரைக்கென ஒரு தனி வாய்பாட்டை ஓதிய சிறுவன் அங்காடியில் ஏமாறமாட்டான் என்பது உறுதி.

வேறுபாடு எண்ணுப்பெயரில்தான் அமைந்தது. ஏக்வீஸ், பாவீஸ், தேவீஸ், சோவீஸ் என இருபதுக்கு மேற்பட்ட எண்களில் ஒன்றாமிலக்கமே முன்னிற்கின்றது. இருபத்தொன்பதுக்கு வரும்போது 'முப்பதுக்கு ஒன்று குறைவு' என்னும் பொருளில் ஏகோண்தீஸ் என்றாகின்றது. 63 த்ரேஸஷ்ட், 93 த்ர்யாண்ணவ். ஒன்று முதல் நூறு வரை உள்ள பெயர்களைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே மனத்தில் இருத்தல் வேண்டும். இது மராத்தியின் குறையன்று. வடமொழியிலிருந்து வழிவழியாக வந்த செல்வம். இந்தியும் அவ்வாறே, செருமன் மொழியும் அரபு மொழியும் ஒன்றை முன்னும் பத்தைப் பின்னும் சொல்வனவே.

தமிழும் முழுதும் நேர்கோடு அன்று. எண்பத்தொன்பது வரை ஒழுங்காக வந்த குழந்தை அடுத்ததற்குத் தடுமாறுவதை யார்தான் கண்டதில்லை? நூறு இன்னும் வரவில்லை. ஆயினும் தொண்ணூறு என்னும் சொல்லில் நூறு வந்து நிற்கின்றது. அவ்வாறே ஆயிரம் வருமுன்னரே தொள்ளாயிரத்தில் ஆயிரம் வந்துவிடுகின்றது. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் இவ்வெண்ணுப்பெயர்களின் புணர்ச்சிக்கெனத் தனி விதிகள் வகுத்தார் என்றால், இவ்விடர் அன்றே உணரப்பட்டது என்பது தெளிவு. மொழி எதுவாயினும் அதன் எண் வழியில் ஓரிரு மேடு பள்ளங்கள் இருக்கவே செய்யும்.

மணலின் பெரும்பயணமும் அடைபட்ட கதவும்

நம் திண்ணைப் பள்ளியின் மணல் கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறுவர்க்கென அமைந்த விடுதிப் பள்ளிக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்தி, மூத்த சிறுவரே இளையோர்க்குக் கற்பிக்குமாறு ஏற்பாடு செய்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வாயிலாக அது 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பரவிற்று. சட்டாம்பிள்ளை சீமைக்குச் சென்ற வரலாறு இது.

ஆயினும், பெருமையைச் சொல்லுங்கால் சிறுமையையும் மறைத்தல் தகாது. மணல் எளிதில் கிடைத்தது; திண்ணை எல்லார்க்கும் கிடைக்கவில்லை. பெண்மக்களும், தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்களும் பெரும்பாலும் அத்திண்ணைக்கு அப்பாலேயே நிறுத்தப்பட்டனர். இந்நாட்டுப் பந்தோஜியின் பள்ளியும் இவ்வகையில் வேறுபட்டதன்று. அக்கதவைத் திறந்த பெருமை இப்புனே நகரத்துக்கு உரியது. 1848-இல் சோதிராவ் பூலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் இந்நகரத்துப் பிடே வாடாவில் பெண்மக்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். எழுத்தும் எண்ணும் எக்குழந்தைக்கும் உரியவை என்பதைச் செயலில் காட்டினர். கணக்கறியாத உழவன் பத்திரத்தில் கைந்நாட்டு வைத்துவிட்டு நிலத்தை இழப்பதைப் பூலே தம் எழுத்துகளில் பன்முறை சுட்டினார். 1882-இல் ஹண்டர் குழுவிடம் அளித்த விண்ணப்பத்தில், தொடக்கப் பள்ளியில் கற்பிக்க வேண்டியவற்றுள் எழுதப் படிக்கக் கற்பதுடன் கணக்கையும் சேர்த்துக் கூறினார். ஏழைக்கு எண் என்பது அழகுக் கல்வி அன்று. அவன் நிலத்துக்கும் கூலிக்கும் காவல்.

அவ்வழியில் அடுத்து நிற்பவர் கோபாலகிருஷ்ண கோகலே. இவர் இந்நகரத்துப் பெர்குசன் கல்லூரியில் கற்பித்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு நூல் எழுதியவர். 1911 மார்ச்சு 16-ஆம் நாள் தொடக்கக் கல்வியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் மசோதாவை இந்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். மறு ஆண்டு அது 13-க்கு 38 என்னும் வாக்கு வேறுபாட்டில் தோற்கடிக்கப்பட்டது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறும் வரை ஏறத்தாழ நூற்றாண்டுக் காலம் நாடு காத்திருக்க வேண்டியதாயிற்று. கோகலே 1905-இல் இந்நகரில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு அவருக்குப் பின் தலைமை தாங்கியவர், வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராய் இருந்த சீனிவாச சாஸ்திரியார் என்பதை இங்கு நினைவுகூர்வது நமக்கு இன்பம் பயப்பதாகும். கணக்காசிரியர் வித்திட்ட பணியைத் தமிழ்ப் பள்ளியாசிரியர் ஒருவர் தொடர்ந்தார்.

அளவைகள் மாறின

விடுதலைக்குப் பின் நேர்ந்த ஒரு மாற்றம் குழந்தையின் கணக்கை அடியோடு மாற்றிற்று. 1957 ஏப்பிரல் முதல் நாள் நயா பைசா வந்தது. அதற்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்து நான்கு பைசா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி. பதினாறில் ஒன்று, அதாவது மாகாணி, ஓர் அணாவாகக் கையில் புழங்கியவரை பின்ன வாய்பாட்டுக்கு உயிர் இருந்தது. ரூபாய் நூறு பைசாவான பின்னர், மெட்ரிக் எடைகளும் அளவைகளும் படிப்படியாக வந்த பின்னர், மாகாணியும் அவுட்கியும் பாட்டன்மார் நாவிலேயே தங்கிவிட்டன. அதனை இழப்பு என்றே கருத வேண்டுவதில்லை. பத்தின் அடிப்படையில் அமைந்த அளவைகள் கற்பதற்கு எளியன. அவற்றுள் பத்தும் ஒன்றும் தெளிவாக விளங்கினால் போதும். முழுக் கணக்கும் விளங்கும்.

அத்தெளிவை எவ்வாறு தருவது என்பதற்கு மரியா மாண்டிசோரி அம்மையார் வழி காட்டினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் நம் நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். அவர் முறையில் குழந்தை சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய இலக்கத்தை விரலால் தடவி அறியும். பத்து மணிகளைக் கோத்த ஒரு கம்பியையும் ஒற்றை மணியையும் கையில் வைத்துப் பத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டை எடையாலேயே உணரும். சுழியத்துக்கென ஒதுக்கிய அறை வெறுமையாய் இருப்பதைக் கண்ணால் காணும். மராத்திய நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார் இக்கருத்துகளை ஏழைக் குழந்தைகட்கு ஏற்றவாறு மாற்றி, 1945 முதல் போர்டி என்னும் ஊரில் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே நடத்திக் காட்டினார். விலையுயர்ந்த மணிகள் இல்லையேல் கூழாங்கல்லும் விதையும் போதும். நம் பல்லாங்குழிப் பாட்டி அறிந்திருந்ததும் அதுவே.

2019-ஆம் ஆண்டின் வாதம்

இனி, தொடக்கத்தில் குறித்த வாதத்துக்கு வருவோம். மகாராட்டிர மாநிலத்துப் பள்ளிப் பாடநூல்களை உருவாக்கும் பாலபாரதி என்னும் நிறுவனம் 1967-இல் தொடங்கப்பெற்றது. அதன் தலைமையிடம் இந்நகரமே. 2019-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் இரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் இருபத்தொன்று முதலான எண்களுக்கு ஒரு புதிய சொல்முறை இடம்பெற்றது. ஏக்வீஸ் என்பதற்கு வீஸ் ஏக்; த்ரேஸஷ்ட் என்பதற்கு ஸாட் தீன். அதாவது இருபது ஒன்று, அறுபது மூன்று.

கணிதப் பாடக்குழுவின் தலைவராய் இருந்தவர் மங்களா நார்லீகர் அம்மையார். எண்ணியலில் ஆராய்ச்சி செய்து 1981-இல் முனைவர் பட்டம் பெற்றவர். சிறுவர்க்கும் பொதுமக்களுக்கும் கணிதத்தை எளிமையாக எடுத்துரைப்பதைத் தொண்டாகக் கொண்டவர். கூட்டெழுத்துகள் நிறைந்த பெயர்களும், சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையே தலைகீழான வரிசையும் சிறு குழந்தைகளைக் கணக்கிலிருந்தே விரட்டிவிடுகின்றன என்பது அவர்தம் வாதம். தென்னாட்டு மொழிகளில் பத்து முன்னும் ஒன்று பின்னுமாக எண்கள் அமைந்திருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். நம் தாய்மொழியின் அமைப்பு இவ்வாறு ஓர் அயல்மாநில வாதத்தில் சான்றாக நின்றது.

எதிர்ப்பு வலுவாக எழுந்தது. எண்ணுப்பெயர்கள் மொழியின் உடைமை. பழமொழியிலும் பாட்டிலும் நாள்வழக்கிலும் ஊறியவை. பள்ளியில் வீஸ் ஏக் எனக் கற்ற குழந்தை கடைத்தெருவில் ஏக்வீஸ் எனக் கேட்டால் திகைக்காதா என்று பலர் வினவினர். சட்டமன்றத்திலும் இப்பொருள் பேசப்பட்டது. பழைய பெயர்களை அறவே நீக்குவது தங்கள் நோக்கமன்று, குழந்தைக்கு மற்றுமொரு படிக்கட்டு அமைத்துத் தருவதே நோக்கம் எனப் புதுமுறையினர் விளக்கினர். 2023 சூலைத் திங்கள் 17-ஆம் நாள் நார்லீகர் அம்மையார் மறைந்தார். கடைத்தெருவில் இன்றும் ஏக்வீஸ்தான் ஒலிக்கின்றது. வாதமும் முற்றிலும் ஓயவில்லை.

இவ்வினா இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நார்வே நாட்டில் தொலைபேசித் துறையினர் எண்களைக் கேட்டு இணைப்பதில் நேரும் பிழைகளைக் குறைக்க விரும்பினர். அதன் விளைவாக, 'ஒன்றும் இருபதும்' எனச் சொல்லும் பழைய முறைக்கு மாறாக 'இருபத்தொன்று' எனச் சொல்லும் முறை 1951 சூலை முதல் நாள் அரசு ஆணையால் புகுத்தப்பட்டது. எழுபதாண்டுகட்கு மேலாகியும் பழைய முறை அந்நாட்டார் நாவிலிருந்து முற்றும் மறைந்துவிடவில்லை. செருமன் நாட்டில் 2004-இல் கெரிட்சன் என்னும் கணிதப் பேராசிரியரின் முயற்சியால், இருபத்தொன்றை எழுதும் வரிசையிலேயே சொல்ல வேண்டும் எனக் கோரும் ஒரு சங்கமே தோன்றியது. 1995-இல் கெவின் மில்லர் முதலிய அறிஞர்கள் சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். பத்து வரை இருவரும் ஒப்பவே எண்ணினர். பத்தைத் தாண்டியதும் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கினர். சீன மொழியில் பதினொன்று 'பத்து ஒன்று' என்றே அமைந்திருப்பதும், ஆங்கிலத்தில் அவ்விடத்தில் பெயர்கள் ஒழுங்கு குலைவதும் இதற்குக் காரணம் எனக் கண்டனர். சொல்லின் அமைப்பு குழந்தையின் முதற்படியை எளிதாக்கவும் கடினமாக்கவும் வல்லது என்பது இதனால் விளங்கும். ஆயினும், முதற்படி கடினமாயின் ஏற்றமே இயலாது என்பதன்று. ஏகோண்தீஸ் எனக் கற்ற மராத்தியர் கணிதத்தில் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். 6174 என்னும் எண்ணின் விந்தையைக் கண்டு, 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அதனை அறிவித்த காப்ரேகர், பெர்குசன் கல்லூரியில் பயின்று தேவ்லாலியில் பள்ளியாசிரியராய் இருந்தவரே.

நாம் செய்யத்தக்கது யாது?

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களின் நிலையை உள்ளவாறு சொல்லிவிடுவோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் எண்ணுகின்றனர்; தெருவில் மராத்தியிலும் இந்தியிலும் கேட்கின்றனர்; வீட்டிலோ தமிழ் பேசுகின்ற நாமே தொலைபேசி எண்ணையும் விலையையும் பேருந்தின் எண்ணையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகின்றோம். "சோறு சாப்பிட வா" எனத் தமிழில் அழைக்கும் தாய், தோசையை மட்டும் "ஒன், டூ, த்ரீ" என எண்ணுகின்றார். ஒரு மொழி வீட்டைவிட்டு வெளியேறும்போது கதையும் பாட்டும் சிறிது காலம் பின்தங்கி நிற்கும்; எண் முதலில் வெளியேறிவிடும். பத்து வயதாகியும் 'எழுபத்தெட்டு' என்றால் விழிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். அப்பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் காதில் அச்சொல்லை நாம் இடவில்லை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. படிக்கட்டில் ஏறும்போது படிகளைத் தமிழில் எண்ணலாம். அரிசி அளக்கும்போது குழந்தையை அருகில் நிறுத்தி, "லாபம், இரண்டு, மூன்று" எனச் சொல்லச் செய்யலாம். நான்கு விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுப் பன்னிரண்டு வரை எண்ணும் நம் பழைய வழக்கத்தைக் காட்டலாம். பத்துப் பத்து விதைகளை முடிச்சாகக் கட்டி, இரண்டு முடிச்சும் ஒரு விதையும் வைத்து 'இருபத்தொன்று' எனச் சொல்லச் செய்து, உடனே 21 என எழுதச் செய்யலாம். பின்னர் அதே விதைகளைக் காட்டி, "இந்நாட்டார் இவ்வொற்றை விதையை முதலில் சொல்வர், ஏக்வீஸ்" என விளக்கலாம். பொருள் ஒன்று, பெயர் இரண்டு. அதனைக் கையால் கண்ட குழந்தை இரு பெயரையும் அஞ்சாது. தாய்மொழி எண் அவனுக்குத் தெளிவைத் தரும். மராத்தி எண் அண்டை அயலாரின் அன்பைத் தரும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை இகழ்தல் நம்மை வாழவைக்கும் இம்மண்ணுக்குச் செய்யும் நன்றியன்று.

நம் சங்கத்தின் தமிழ் வகுப்புகளில் அகரத்தில் தொடங்குதல் மரபு. வள்ளுவர் வகுத்த வரிசையை எண்ணி, அகரத்துக்கு அருகிலேயே ஒன்று, இரண்டையும் வைப்போமாயின் நலம் பயக்கும் என்பது நம் பணிவான கருத்து. ஓய்வுபெற்ற பெரியோர் பலர் நம் சங்கத்தில் உள்ளனர். மாகாணியும் முந்திரியும் நாவில் நிற்கும் முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். வாரத்துக்கு ஒரு நாழிகை அவர்கள் குழந்தைகளோடு அமர்ந்து பல்லாங்குழி ஆடினாலே போதும்.

மண்டயிக்குச் சென்ற அப்பேரனை மீண்டும் நினைவுகூர்வோம். அடுத்த முறை கடைக்காரர் "ஸத்தேசாளீஸ்" என்னும்போது, அவன் சற்றே நின்று, ஏழை ஒரு கையிலும் நாற்பதை மறு கையிலும் வாங்கிக்கொண்டு, இடம் மாற்றி, "நாற்பத்தேழு, பாட்டி" என்று சொல்லுவானாயின், அவன் இரண்டு மொழிகளையும் ஒரு கணக்கையும் ஒருங்கே வென்றவன் ஆவான். அத்தகைய பிள்ளைகள் நம் இல்லந்தோறும் பெருகுக. எண்ணும் எழுத்தும் இரு கண்ணென விளங்குக.